ஷிப்ட் வேலை, ஒரே அறை வீடு: நமக்கு ஒத்துவருகிற பழக்கம் எது?

சி_ஷிப்ட்_திருவொற்றியூர்

எல்லோருக்கும் வணக்கம். யூடியூபில் எந்த வீடியோவைத் திறந்தாலும் விடிகாலை நாலரைக்கு எழு, வெந்நீர் குடி, தியானம் பண்ணு, டைரி எழுது என்றே ஆரம்பிக்கிறார்கள். நான் மணலியில் ஒரு கம்பெனியில் ஆபரேட்டர். ஒரு வாரம் காலை ஆறு மணி ஷிப்ட், அடுத்த வாரம் மதியம் இரண்டு, அதற்கடுத்த வாரம் இரவு பத்து. நாலரை மணி என்பது எனக்கு ஒரு வாரம் எழுகிற நேரம், ஒரு வாரம் நடுத்தூக்கம், ஒரு வாரம் பேனல் முன்னால் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நேரம். வீடு என்று பார்த்தால் ஒரு ஹால், ஒரு கிச்சன், ஐந்து பேர். தியானத்துக்கு உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னால் மிக்ஸி ஓடும்.

எனக்கு வேண்டியது மூன்று. பாய்லர் அட்டெண்டன்ட் (கொதிகலனை இயக்குகிறவர்) முதல் வகுப்புத் தேர்வுக்குப் படிக்க வேண்டும். தொப்பை குறைய வேண்டும். நைட் முடித்து வந்து வீட்டில் எரிந்து விழாமல் நாலு வார்த்தை பேச வேண்டும். நம் பக்கத்து ஆட்கள் உண்மையிலேயே செய்து, இன்றுவரை விடாமல் வைத்திருக்கிற பழக்கம் இருந்தால் சொல்லுங்கள். கோட்டு போட்டவர் மேடையில் சொன்னது வேண்டாம்.

கொருக்குப்பேட்டை_கேட்

தலைவா, தினமும் ரெண்டு வேளை எங்கள் ரயில்வே கேட்டில் வந்து நில்லுங்கள். கூட்ஸ் வண்டி போய் முடிவதற்குள் தியானம், மூச்சுப்பயிற்சி எல்லாம் தானாக முடிந்துவிடும்.

எண்ணூர்_எக்ஸ்பிரஸ்

கேட் காமெடி இருக்கட்டும். நான் விம்கோ நகரில் மெட்ரோ ஏறி வேலைக்குப் போகிறவன், வண்டியில் இந்த மாதிரி ஆராய்ச்சிகளைப் படிப்பது எனக்குப் பொழுதுபோக்கு, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் 21 நாள் கதையை விட்டுவிடுங்கள். அது மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல் எழுதியதிலிருந்து கிளம்பியது. ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குத் தங்கள் புது முகம் பழகுவதற்கே குறைந்தது 21 நாள் ஆகிறது என்று தான் பார்த்ததை அவர் சொன்னார், அவ்வளவுதான். அதை எடுத்து எல்லாப் பழக்கத்துக்கும் 21 நாள் போதும் என்று ஆக்கிவிட்டார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழு 96 பேரை வைத்து நிஜமாகவே அளந்து பார்த்தது. அதில் ஒரு பழக்கம் யோசிக்காமல் நடக்கிற அளவுக்கு வர சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் வித்தியாசம் 18 நாளிலிருந்து 254 நாள் வரை. ஷிப்ட் ஆட்களுக்கு அதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிதாக எதுவும் கெட்டுவிடவில்லை. 'ஒரு நாள் விட்டாலும் முதலிலிருந்து ஆரம்பிக்கணும்' என்று மிரட்டுகிற ஆப்களை அழித்துவிடுங்கள்.

இரண்டாவது, கடிகாரத்தை நம்பாதீர்கள். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் பல வருடமாகச் சொல்லிவருவது இது: 'நாளையிலிருந்து படிப்பேன்' என்கிறவனைவிட 'இன்னது நடந்ததும் இன்னதைச் செய்வேன்' என்று முன்னாலேயே முடிவு செய்தவன் அதிகம் செய்து முடிக்கிறான். காலை ஆறு மணிக்குப் படிப்பேன் என்று உங்களால் சொல்லவே முடியாது. ஆனால் டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்ததும் பத்து நிமிடம் புத்தகம் எடுப்பேன் என்றால் மூன்று ஷிப்டிலும் நடக்கும். டிபன் பாக்ஸ் கழுவாமல் எந்த ஷிப்டும் முடிவதில்லை.

தண்டையார்பேட்டை_தையல்

டிபன் பாக்ஸை நீங்களேதான் கழுவுகிறீர்களா தம்பி? முதலில் அதைச் சொல்லுங்கள்.

சி_ஷிப்ட்_திருவொற்றியூர்

கம்பெனிக் குழாயிலேயே கழுவிக்கொண்டு வந்துவிடுவேன் அக்கா. வீட்டில் கழுவினால் குடத்துக்குக் கணக்கு கேட்பார்கள்.

பழைய_வண்ணை

துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். தம்பி எண்ணூர் எழுதியதெல்லாம் சரி, ஆனால் ஒன்றை மறந்துவிட்டுப் பேசுகிறோம். நம் ஏரியாவில் நேரம் என்பது ஆள் தன் கையில் வைத்திருந்த பொருளாக எப்போதுமே இருந்ததில்லை. 1918 ஏப்ரலில் பெரம்பூரில் மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கினார்களே, செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு, பி.பி.வாடியா, திரு.வி.க. எல்லாம் நின்றார்களே, அங்கே பின்னி மில் தொழிலாளி வைத்த குறைகளில் ஒன்று மதியச் சாப்பாட்டுக்கு விடுகிற நேரம் போதவில்லை என்பது. கை கழுவி, உட்கார்ந்து, நாலு வாய் போடுவதற்குள் மணி அடித்துவிடும். அவர்களிடம் போய் 'நேர மேலாண்மை' என்று யாராவது வகுப்பு எடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? கூடி நின்று கேட்டார்கள். 1948 தொழிற்சாலைச் சட்டத்தில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, நடுவில் அரை மணியாவது ஓய்வு விட வேண்டும் என்று எழுதியே வைத்தார்கள்.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது, பழக்கம் போடுவதற்கு முன்னால் உங்களுக்கு வரவேண்டிய ஓய்வு வருகிறதா என்று பாருங்கள். அடுத்த ஷிப்டுக்கு வர வேண்டிய ரிலீவர் வரவில்லை என்று மாதத்தில் பாதி நாள் டபுள் ஷிப்ட் பார்த்துக்கொண்டு, 'எனக்குக் கட்டுப்பாடு இல்லை' என்று தன்னையே நொந்துகொள்வது நியாயம் இல்லை.

எண்ணூர்_எக்ஸ்பிரஸ்

ஐயா சொல்வது சரி. ஆனால் சங்கம் பேசி முடிக்கும்வரை இவர் தேர்வு காத்திருக்காதே.

பழைய_வண்ணை

காத்திருக்கச் சொல்லவில்லை தம்பி. இரண்டும் சேர்ந்தே நடக்கட்டும்.

வார்டு_அக்கா

நர்ஸ். நைட் டூட்டி எனக்குப் பாதி வாழ்க்கை. படிப்பு, தொப்பை, கோபம் மூன்றையும் நீங்கள் தனித்தனியாகக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் மூன்றுக்கும் முன்னால் தூக்கம் நிற்கிறது. அதைச் சரி செய்யாமல் மற்றதைத் தொடாதீர்கள்.

நைட் முடிந்து வெளியே வந்ததும் வெயில் முகத்தில் அடித்தால் மூளை 'விடிந்துவிட்டது, எழு' என்று எடுத்துக்கொள்ளும். பஸ்ஸில், ஷேர் ஆட்டோவில் வருகிறவர்கள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாருங்கள். பைக்கில் வருகிறவர்கள் கண் சொக்கினால் போடவே வேண்டாம், அந்த நேரத்தில் எக்ஸ்பிரஸ் ரோடு முழுக்க கன்டெய்னர் லாரி, விழிப்புதான் முக்கியம். முடிந்தால் கிளம்புவதற்கு முன்னால் கம்பெனியிலேயே இருபது நிமிடம் கண்ணை மூடிவிட்டு வண்டியை எடுங்கள்.

டீ, காபி ஷிப்டின் முதல் பாதியோடு நிற்க வேண்டும். கஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். நாலு மணிக்கு ஒரு ஸ்ட்ராங் டீ குடித்துவிட்டு எட்டு மணிக்குப் படுத்தால் புரண்டுகொண்டுதான் இருப்பீர்கள்.

இருட்டுக்கு நான் செய்தது சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. ஸ்கிரீன் துணியெல்லாம் போட்டுப் பார்த்தும் வெளிச்சம் நிற்கவில்லை. தெருவில் பிறந்தநாள் வாழ்த்து ஃப்ளெக்ஸ் ஒன்று கிழித்துப் போட்டிருந்தார்கள், பின்பக்கம் கறுப்பு அடித்தது. அதை ஜன்னல் அளவுக்கு வெட்டி, நாலு மூலையிலும் ஓட்டை போட்டு, கம்பியில் கயிறு கட்டி மாட்டிவிட்டேன். கறுப்பு வெளிப்பக்கம். உள்ளே படுத்திருக்கும் என்னைப் பார்த்து வட்டச் செயலாளர் கும்பிட்டுக்கொண்டே இருக்கிறார். ஆனால் பகல் பதினொரு மணிக்கு ரூம் இரவு மாதிரி இருக்கிறது. ஒரு டேபிள் ஃபேனை ஃபுல்லில் வைத்தால் தெருச் சத்தமும் பாதி அடங்கும்.

ஒரே இழுப்பில் ஏழு மணி நேரம் கிடைக்காது, அதற்காக வருத்தப்படாதீர்கள். வந்ததும் நாலு, ஐந்து மணி நேரம், அப்புறம் டூட்டிக்குக் கிளம்புவதற்கு முன் ஒன்றரை மணி நேரம். குழந்தைகள் ஸ்கூல் விட்டு வரும் நேரம் நடுவில் விழித்திருக்கலாம். அந்த நடு நேரம்தான் உங்கள் படிப்பு நேரம்.

காசிமேடு_வலை

ஃப்ளெக்ஸ் ஐடியாவுக்கு ஒரு வணக்கம் அக்கா. எங்கள் வலைக் கொட்டகைக்கும் கூரை அதுதான்.

நான் விசைப்படகு வைத்திருக்கிறேன். எங்களுக்கு வாரக் கணக்கு கூடக் கிடையாது. கடலில் இருக்கிற நாள் வேறு ஆள், கரையில் இருக்கிற நாள் வேறு ஆள். கடலில் இருக்கும்போது நடைப்பயிற்சி, நோட்டு, எதுவும் நடக்காது, நடத்தப் பார்ப்பதும் வீண். அங்கே ஒன்றே ஒன்று, கிடைத்த இடைவெளியில் தூங்குவது. கரைக்கு வந்த நாளில் டீசல், ஐஸ், ஏலம், ஆட்களுக்குக் கொடுத்தது எல்லாம் அன்றைக்கே நோட்டில் ஏற வேண்டும், மறுநாள் என்றால் மறந்துவிடும். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் வருகிறதே, அதுதான் எங்களுக்கு வருஷத்தில் நீளமாகக் கிடைக்கிற சொந்த நேரம். வருமானம் நிற்கும், அதனால் மனசும் கெடும், குடி அதிகமாகிற வீடுகளும் உண்டு. தடை ஆரம்பிக்கிற முதல் வாரத்திலேயே வலை, இன்ஜின், பெயின்ட் என்று எதை எப்போது செய்வது என்று ஆட்களோடு உட்கார்ந்து பேசி எழுதிவைத்த படகுகளில் பிரச்சினை குறைவு.

உங்களுக்கும் அதுபோல மூன்று ஷிப்டுக்கு மூன்று பட்டியல் வேண்டும் என்று நினைக்கிறேன். நைட் வாரத்துப் பட்டியல் சின்னதாக இருக்கட்டும். தூக்கம், ஒரு வேளை ஒழுங்கான சாப்பாடு, பத்து நிமிடப் படிப்பு. காலை ஷிப்ட் வாரத்தில் மதியம் இரண்டு மணியோடு விடுதலை, அந்த வாரத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

பேச்சு விஷயத்துக்கு எங்கள் வீட்டுச் சட்டம் ஒன்று. படகில் இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் பேச வேண்டும். கரை ஏறினாலும் தொண்டை உடனே இறங்காது. அதனால் குளித்துச் சாப்பிட்டு முடிக்கும்வரை காசுப் பேச்சு கிடையாது. கடன்காரர் வாசலில் நின்றால்கூட அப்புறம்தான். இதை முன்வைத்தது என் வீட்டுக்காரம்மா, நான் ஒத்துக்கொண்டேன், எங்கள் அம்மாவுக்கும் இது தெரியும். எல்லோருக்கும் தெரிந்த சட்டம் என்பதால்தான் நிற்கிறது.

தண்டையார்பேட்டை_தையல்

இதுவரை எழுதியவர்களில் வார்டு அக்காவைத் தவிர யாருக்கும் சமையல் என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. உங்கள் பழக்கம் எல்லாம் யாரோ ஒருத்தி குக்கர் வைப்பதால் நடக்கிறது. சரி, சண்டைக்கு வரவில்லை, என் கதையைச் சொல்கிறேன்.

வீட்டிலேயே மிஷின் போட்டு பிளவுஸ், சுடிதார் தைக்கிறேன். வேலையைவிட போன்தான் தொந்தரவு. 'அக்கா ரெடியா', 'அக்கா கை கொஞ்சம் லூஸ் வையுங்க' என்று வந்துகொண்டே இருக்கும். கழுத்து வளைவில் பைப்பிங் வைத்துக்கொண்டிருக்கும்போது போனை எடுத்தால், திரும்பி வந்து எந்தப் புள்ளியில் விட்டேன் என்று பார்ப்பதற்கே நேரம் போகும், சில சமயம் பிரிக்க வேண்டியும் வரும். இப்போது வாட்ஸ்அப் முகப்பில் எழுதிவிட்டேன், மதியம் 12 முதல் 1 வரைதான் போன் எடுப்பேன், மற்ற நேரம் வாய்ஸ் போட்டுவிடுங்கள் என்று. ரெண்டு பேர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள். போகட்டும்.

அப்புறம், 'முடியாது' என்று சொல்ல வாய் வராது எனக்கு. தீபாவளிக்கு முன்னால் அது பெரிய ஆபத்து. இப்போது முடியாது என்று சொல்வதில்லை, தேதி சொல்கிறேன். 'எடுத்துக்கறேன்மா, ஆனா தீபாவளி முடிஞ்சு புதன்கிழமைதான் கிடைக்கும்.' வேண்டுமென்றால் கொடுப்பார்கள், அவசரம் என்றால் அவர்களே எடுத்துக்கொண்டு போவார்கள். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

எண்ணூர்_எக்ஸ்பிரஸ்

அக்கா, ஆபீஸ் வேலை செய்கிறவர்களைப் பின்தொடர்ந்து க்ளோரியா மார்க் என்ற ஆராய்ச்சியாளர் இதையேதான் கண்டார். நடுவில் தடைப்பட்டால் அந்த வேலைக்குத் திரும்ப சராசரியாக 23 நிமிடம் ஆகிறதாம். உங்கள் பைப்பிங் கணக்கு சரிதான்.

போமோடோரோ முறை முயன்றீர்களா? இத்தாலிக்காரர் பிரான்செஸ்கோ சிரில்லோ 1980-களின் கடைசியில் கொண்டுவந்தது. தக்காளி வடிவ கிச்சன் டைமரில் 25 நிமிடம் வைத்து வேலை, மணி அடித்ததும் 5 நிமிடம் ஓய்வு.

தண்டையார்பேட்டை_தையல்

அலாரம் வைத்தால் பாதித் தையலில் அடிக்கும் தம்பி. எனக்கு பாபின் போதும். பாபினில் நூல் தீர்ந்ததும் மிஷின் வெறும் ஓட்டம் ஓடும், துணியில் தையல் விழாது. அப்போது எழுந்துவிடுவேன். தண்ணீர் குடிப்பது, இடுப்பை நிமிர்த்துவது, மொட்டை மாடியில் துணி திருப்பிப் போடுவது எல்லாம் அந்த இடைவெளியில். நூல் சுற்றி வந்து உட்கார்ந்தால் அடுத்த பாபின் வரை எழமாட்டேன். முதுகு வலி இதனால்தான் குறைந்தது.

எண்ணூர்_எக்ஸ்பிரஸ்

சிரில்லோவைவிட இது மேல். வேலையே மணி அடிக்கிறது.

குரூப்4_கனவு

அண்ணா, படிப்பு பற்றி நான் சொல்லலாமா? வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீடு. டிஎன்பிஎஸ்சி படிக்கிறேன். எங்கள் வீட்டில் படிக்க இடம் கிடையாது, டிவி ஓடும், மாடிப்படியில் உட்கார்ந்தால் எல்லோரும் காலைத் தாண்டிக்கொண்டு போவார்கள். கொளத்தூரில் 2024 நவம்பரில் முதல்வர் படைப்பகம் திறந்தார்களே, படிக்கிறவர்களுக்கு ஒரு தளம், லேப்டாப் வைத்து வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு தளம். அங்கே போக ஆரம்பித்ததும்தான் எனக்கு ஒழுங்கு வந்தது. அங்கே உட்கார்ந்தால் சுற்றிலும் எல்லோரும் குனிந்து படித்துக்கொண்டிருப்பார்கள், நாம் மட்டும் ரீல்ஸ் பார்க்க வெட்கமாக இருக்கும்.

ஆனால் தினமும் போக முடியாது. அந்த நாளில் தண்ணி லாரி வரிசைதான் என் வகுப்பு. புத்தகம் கொண்டுபோகமாட்டேன், நனைந்துவிடும். முந்தின இரவு படித்ததை மூடிவிட்டு, வரிசையில் நிற்கும்போது ஞாபகத்திலிருந்து எடுத்துச் சொல்லிப் பார்ப்பேன், தடுமாறுகிற இடத்தை போனில் ஒரு வரி குறித்துக்கொள்வேன். வீட்டுக்கு வந்ததும் அந்த வரியை மட்டும் புத்தகத்தில் பார்ப்பேன். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட இது நிற்கிறது.

எண்ணூர்_எக்ஸ்பிரஸ்

தம்பி, நீங்கள் செய்வதற்கு ஆதாரமே இருக்கிறது. 2006-ல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள்.

குரூப்4_கனவு

இன்னொரு விஷயம் அண்ணா, கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. நடுவில் தனியார் வேலை இன்டர்வியூவுக்கும் போகிறேன். வியாசர்பாடி என்று சொன்னதும் முகம் மாறுவதைப் பார்க்கிறேன். என் பேச்சிலும் 'இன்னா', 'இட்டுனு' எல்லாம் வந்துவிடுகிறது. பேச்சை மாற்ற ஏதாவது கோர்ஸ் இருக்கிறதா?

மின்ட்_மணிக்கூண்டு

கோர்ஸுக்குக் காசு கொட்டாதீர்கள். நான் ஒரு கால்சென்டரில் ஆள் எடுக்கும் பக்கம் உட்காருகிறேன், அதனால் உள்ளேயிருந்து சொல்கிறேன். ஏரியா பெயரைக் கேட்டு முகம் மாறுகிற ஆட்கள் இருக்கிறார்கள், அது அவர்கள் கோளாறு. முகவரியை மறைத்து பெரம்பூர் என்று எழுதுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், சரிபார்க்கும்போது மாட்டிக்கொண்டு முழிப்பார்கள். வியாசர்பாடி என்றே எழுதுங்கள்.

'இன்னா' ஒன்றிரண்டு வந்தால் யாரும் வேலை கொடுக்காமல் இருப்பதில்லை. நம் பிள்ளைகள் சறுக்குகிற இடம் வேறு. பதற்றத்தில் வேகமாகப் பேசுவார்கள், வாக்கியத்தின் கடைசிப் பாதி வாய்க்குள்ளேயே போய்விடும், கேட்டவர் 'ஹாங்?' என்பார், அதில் இன்னும் பதறுவார்கள். செய்ய வேண்டியது இதுதான். 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்ற கேள்விக்கு ஒரு நிமிடப் பதிலை போனில் பதிவு செய்யுங்கள். போட்டுக் கேளுங்கள், காது கூசும், பரவாயில்லை. எந்த வாக்கியம் முடியாமல் தேய்கிறது என்று பார்த்து அதை மட்டும் திரும்பச் சொல்லுங்கள். கேள்வி புரியவில்லை என்றால் 'இதைத்தானே கேட்கிறீர்கள்' என்று அவர்கள் கேள்வியைத் திருப்பிச் சொல்லிவிட்டுப் பதில் சொல்லுங்கள். யோசிக்க நேரமும் கிடைக்கும், கவனித்துக் கேட்கிற ஆள் என்ற பெயரும் கிடைக்கும்.

கொருக்குப்பேட்டை_கேட்

2024-ல் அமெரிக்கா போய் கேரம் உலகப் போட்டியில் 3 தங்கம் வாங்கிவந்த காசிமா புதுவண்ணாரப்பேட்டைதான். ஏரியா பேரைச் சொல்ல வெட்கப்படாதே தம்பி.

வார்டு_அக்கா

பேச்சு என்றதும் ஞாபகம் வந்தது, ஷிப்ட் தம்பி கேட்ட மூன்றாவது கேள்வியை விட்டுவிட்டோம். ஆஸ்பத்திரியில் நடுராத்திரி டாக்டருக்கு போன் செய்ய எங்களுக்கு ஒரு முறை சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்கக் கடற்படையிலிருந்து ஆஸ்பத்திரிகளுக்கு வந்தது என்பார்கள். நாலே படி. இப்போது நிலைமை என்ன, பின்னணி என்ன, என் கணிப்பு என்ன, எனக்கு என்ன வேண்டும். 'சார், பன்னிரண்டாம் பெட்டில் மூச்சுத் திணறல். மதியம் ஆபரேஷன் முடிந்தவர். நுரையீரலில் ஏதோ சிக்கல் என்று தோன்றுகிறது. உடனே வந்து பாருங்கள்.' தூக்கத்தில் இருப்பவருக்கும் புரியும்.

இதை நான் வீட்டிலும் பயன்படுத்துகிறேன். உங்களுக்கு எப்படி வரும் என்றால், 'தலை வலிக்கிறது. ராத்திரி ரெண்டு பேர் வரவில்லை, நான் ஒருத்தன்தான். இப்போது பேசினால் கத்திவிடுவேன் போலிருக்கிறது. ஸ்கூல் ஃபீஸ் விஷயத்தை நாலு மணிக்குப் பேசலாமா?' கடைசிப் படி முக்கியம். முதல் மூன்றோடு நிறுத்தினால் அது புலம்பல், கேட்கிறவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. நாலு மணி என்று சொல்லிவிட்டு நாலு மணிக்கு நீங்களே பேச்சை எடுக்கவும் வேண்டும்.

பெரம்பூர்_லோகோ

ஷிப்ட் மாற்றும்போது சொல்லிக் கொடுப்பதும் இதில் சேர்த்தி. 1988-ல் வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை எரிந்து 167 பேர் இறந்தார்கள். பராமரிப்புக்காக ஒரு பம்பின் சேஃப்டி வால்வைப் பகலில் கழற்றியிருந்தார்கள், அந்தத் தகவல் இரவு ஷிப்ட் ஆட்களுக்குச் சரியாகப் போகவில்லை, அவர்கள் அந்தப் பம்பையே ஓட்டினார்கள். மணலி ஆட்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. வாயால் சொன்னால் போதாது, லாக் புக்கில் எழுதி, வாங்குகிறவர் திருப்பிச் சொல்ல வேண்டும்.

சி_ஷிப்ட்_திருவொற்றியூர்

லோகோ சார், எங்கள் பயிற்சியிலும் இதைக் காட்டினார்கள். நீங்கள் எழுதியதைப் படித்தபோது ஒன்று தோன்றியது. கம்பெனியில் லாக் புக் எழுதாமல் நான் நாற்காலியை விட்டு எழுவதில்லை. வீட்டில் நானும் அவளும் பாதி வாரம் வாசலில்தான் சந்திக்கிறோம், அவள் வேலைக்குக் கிளம்ப நான் உள்ளே வர. அந்த ஒரு நிமிடத்தில் கேஸ் புக் பண்ணியாச்சா, பையனுக்கு மாத்திரை கொடுத்தாச்சா, தண்ணீர் பிடித்தாச்சா என்று இருவரும் மாறி மாறிக் கேட்டு அதுவே சண்டையாக மாறும். நேற்றிலிருந்து தேதி கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மூன்று வரி எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுகிறோம். முடிந்தது, பாக்கி, கவனம். 'கவனம்' என்ற இடத்தில் அவள் இன்று எழுதியிருந்தது, 'உங்க அம்மா கோபமாக இருக்கிறார், காரணம் நீங்கள் அல்ல'. இதைத் தெரிந்துகொண்டு உள்ளே நுழைவதற்கும் தெரியாமல் நுழைவதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

தொப்பைக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. தினமும் பத்தாயிரம் காலடி நடக்க வேண்டுமா?

பழைய_வண்ணை

நான் ராபின்சன் பூங்காவில் நடக்கிறேன். 1949-ல் திமுகவின் முதல் பொதுக்கூட்டம் நடந்த இடம், இன்றும் அங்கே கிழவர்கள் நடப்பதைவிட அரசியல் பேசுவதுதான் அதிகம். பத்தாயிரமெல்லாம் நான் எண்ணியது கிடையாது.

எண்ணூர்_எக்ஸ்பிரஸ்

எண்ண வேண்டாம் ஐயா. அந்தப் பத்தாயிரம் 1965-ல் ஜப்பானில் ஒரு காலடி எண்ணும் கருவிக்கு வைத்த பெயரிலிருந்து வந்தது, விற்பனைக்கு வசதியான எண். 2019-ல் ஐ-மின் லீ குழு வயதான பெண்களிடம் நடத்திய ஆய்வில் ஒரு நாளைக்கு 4,400 காலடி அளவிலேயே இறப்பு விகிதம் நன்றாகக் குறைந்திருந்தது, 7,500-க்கு மேல் கூடுதல் லாபம் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான வேகத்தில் உடலை அசைக்கச் சொல்லித்தான். நீங்கள் ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி, லாரி ஓடாத உள்தெருவாகப் பார்த்து நடங்கள். ஹைரோட்டில் புகையை இழுத்துக்கொண்டு நடப்பது எதற்கு?

வார்டு_அக்கா

நடப்பதோடு நைட்டில் மூன்று மணிக்குச் சாப்பிடுகிற பரோட்டாவை நிறுத்துங்கள். டூட்டிக்குப் போகும் முன் வீட்டில் சாப்பாடு, நடுவில் பசித்தால் சுண்டல், முட்டை, வாழைப்பழம். டீக்குச் சர்க்கரை பாதி. தொப்பையில் பாதி அங்கேதான் இருக்கிறது.

இரவுப்_பறவை

எல்லாம் படித்தேன். எனக்கு எதுவும் செய்யவே தோன்றவில்லை. வேலைக்குப் போகிறேன், வருகிறேன், யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. சாப்பாடும் இறங்கவில்லை. இதற்கு என்ன பழக்கம்?

வார்டு_அக்கா

கண்ணா, நல்லவேளை எழுதினாய். இது பழக்கம் போட்டுச் சரி செய்கிற விஷயம் இல்லை, உன் சோம்பலும் இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே இருந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும், காய்ச்சலுக்குப் பார்ப்பது போலத்தான். இப்போதே பேச வேண்டும் என்றால் 14416-க்கு போன் செய், டெலி மானஸ், மத்திய அரசு 2022-ல் தொடங்கியது, காசு கிடையாது, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா? தோன்றினால் மறைக்காமல் சொல், பக்கத்தில் யார் இருந்தாலும் எழுப்பி உட்காரவை, அப்புறம் போன் செய். எனக்குத் தனிச்செய்தி அனுப்பு, நான் இன்றைக்கு நைட்தான், விழித்திருப்பேன்.

காசிமேடு_வலை

தம்பி, நாளைக் காலை ஏலக்கூடம் பக்கம் வாயேன், டீ குடிக்கலாம். பேச வேண்டாம், சும்மா வா.

இரவுப்_பறவை

அந்த எண்ணம் வரை போகவில்லை அக்கா. 14416 குறித்துக்கொண்டேன். தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன். அண்ணா, ஆறு மணிக்கு வருகிறேன்.

சி_ஷிப்ட்_திருவொற்றியூர்

இந்த வாரம் நைட். நான் எடுத்துக்கொண்டது: இரண்டரைக்கு மேல் டீ இல்லை, ஜன்னலுக்கு ஃப்ளெக்ஸ் (கறுப்பு முதுகு உள்ளது தேடிக்கொண்டிருக்கிறேன், எங்கள் தெருவில் எல்லாம் வெள்ளையாக இருக்கிறது), ஸ்கூல் விட்டு வந்ததும் பையன் ஹோம்வொர்க் எழுத உட்காரும்போது நானும் பக்கத்தில் பாய்லர் புத்தகம். காலண்டர் தாள் தொடரும். நடையைக் காலை ஷிப்ட் வாரத்துக்குத் தள்ளிவைத்துவிட்டேன்.

ஒரே சந்தேகம். பையன் பக்கத்தில் உட்கார்ந்தால் அவன் கணக்குக்கே என் நேரம் போய்விடுமோ?

குரூப்4_கனவு

போகும் அண்ணா. அதனால் அவனையே உங்களிடம் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். புத்தகம் அவன் கையில், பதில் உங்கள் வாயில். பசங்களுக்கு அப்பாவை மடக்குவது ரொம்பப் பிடிக்கும்.

பெரம்பூர்_லோகோ

முதல் வகுப்பு பாய்லர் தேர்வுக்கு நான் தயாரித்த குறிப்பு ஒரு ஃபைல் இருக்கிறது. சேஃப்டி வால்வு, வாட்டர் லெவல், ப்ளோ டவுன் மூன்றிலும் வாய்மொழித் தேர்வில் துருவுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பெரம்பூர் பக்கம் வந்தால் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாம். கையெழுத்து கொஞ்சம் கோழிக் கிறுக்கல், புரியாத இடத்தைக் கேளுங்கள்.

கொருக்குப்பேட்டை_கேட்

ஞாயிறு என்றால் கேட் பக்கம் வராதீர்கள் தலைவா, மூலக்கொத்தளம் வழியாகச் சுற்றிப் போங்கள்.